தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு: பாக் சோய் வளரும் வழி

பாக் சோய் குளிர்ச்சியை விரும்பும் கீரை. பகல் வெப்பம் 15 முதல் 22 டிகிரி செல்சியஸுக்குள் நிற்க வேண்டும். மண் காயக் கூடாது. தழைச்சத்து குறையக் கூடாது. இம்மூன்றும் அமைந்தால் விதைத்த 45 முதல் 60 நாளில் தண்டு சதைப்பிடித்து, இலை விரிந்து, முழுச் செடியாக அறுவடைக்கு வந்துவிடும். நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடுகளில் அந்தக் குளிர்ச்சி வேண்டுமானால் மலைதான் ஏற வேண்டும். மலேசியாவில் அந்த மலை கேமரன். அது பஹாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில் இருந்தாலும், அங்கே போகும் பழைய வழி பேராக் மாநிலத்தின் தாப்பாவில் தொடங்குகிறது. தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர். வளைந்து வளைந்து ஏறும் இந்த ஒரே சாலையில் ஒரே கீரை மூன்று விதமாக வளர்வதைப் பார்க்கலாம்.

முதல் விதம் தாப்பாவிலேயே இருக்கிறது. ஊர் தாழ்வான சமவெளி. நண்பகலில் 32, 33 டிகிரி என்பது அன்றாடம். வீட்டுப் பின்கட்டுகளில் பாண்டான் புதருக்கும் மிளகாய்ச் செடிக்கும் பக்கத்தில், கறுப்புப் பைகளில் சாவிக் கீரை நிற்கும். மலாய்க்காரர்கள் சாவி என்ற ஒரே பெயரில் பல கீரைகளை அடக்குவார்கள். மலேசியத் தமிழரும் அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டார்கள். பாக் சோயும் அதில் ஒன்று. சமவெளி வெயிலில் அது விரைவாக வளரும், ஆனால் சதைப்பிடிக்காது. தண்டு மெலிந்து நார் ஏறும், இலையில் லேசான கசப்பு தங்கும். மேலே நிழல் வலை கட்டி, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றி, 25, 30 நாளில் விரல் நீளத்தில் பிடுங்கிவிடுபவர்கள் நல்ல கீரை சாப்பிடுகிறார்கள். அதைச் சமவெளியில் முழுச் செடியாக்கப் பார்ப்பது வீண் உழைப்பு. சென்னையிலோ மதுரையிலோ மாடித்தோட்டம் வைத்திருப்பவருக்கும் இதே விதிதான். அங்கே கார்த்திகை முதல் தை வரையிலான மாதங்கள் மட்டுமே இந்தச் செடிக்கு உகந்தவை.

தாப்பாவைத் தாண்டியதும் சாலை காட்டுக்குள் நுழைகிறது. 1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இந்த மலைப்பகுதியை அளக்க வந்தார். அவர் பெயர் மலைக்கு நிலைத்தது. வண்டிச் சாலை திறக்க 1930களின் தொடக்கம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. லாத்தா இஸ்கந்தார் அருவிக்கு அருகில் ஓராங் அஸ்லி பழங்குடி மக்கள் மூங்கில் பந்தலின் கீழ் பெத்தாய்க் காய்க் கொத்துகளையும் காட்டுத் தேனையும் விற்கிறார்கள். ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் காற்று அரை டிகிரிக்கு மேல் குளிர்கிறது. தாப்பாவில் 32 டிகிரியாக இருந்த நண்பகல், தானா ராத்தாவின் 1,440 மீட்டர் உயரத்தில் 22, 23 டிகிரியாக இறங்கிவிடுகிறது. இந்த ஒன்பது பத்து டிகிரி வித்தியாசம்தான் கேமரன் காய்கறித் தொழிலின் முதலீடு.

பாக் சோயின் பிறப்பிடம் சீனா. யாங்சி ஆற்றுப் படுகையிலும் அதற்குத் தெற்கிலும் பல நூற்றாண்டுகளாகப் பயிராகும் இதன் தாவரப் பெயர் பிராசிகா ராப்பா. அதில் சைனென்சிஸ் என்ற உட்பிரிவு. டர்னிப் கிழங்கு, உருண்டையாகக் கட்டும் சீன முட்டைக்கோஸ், சோய் சம், வட இந்தியாவில் எண்ணெய்க்காக விளையும் மஞ்சள் சர்சோன் ஆகிய எல்லாமே இதே இனம். மனிதர்கள் ஓரிடத்தில் வேரையும், ஓரிடத்தில் இலையையும், ஓரிடத்தில் விதையையும் தேர்ந்தெடுத்துப் பெருக்கியதால் இவ்வளவு வேறுபாடு. தமிழர் தாளிக்கும் கடுகுக்கும் இதற்கும் நெருங்கிய உறவு உண்டு. பிராசிகா ராப்பாவும் கருங்கடுகு இனமான பிராசிகா நைக்ராவும் கலந்து பிறந்ததே பிராசிகா ஜன்சியா என்னும் கடுகு. இந்த உறவை 1935இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கிக் காட்டியவர் கொரிய வம்சாவளி அறிஞர் நாகாஹாரு ஊ. பாக் சோய் விதையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் அஞ்சறைப் பெட்டிக் கடுகிலிருந்து பிரித்தறிவது கடினம்.

ஐரோப்பியர் இதை அறிந்தது காண்டன் துறைமுகம் வழியாக. சுவீடனின் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலில் சமய குருவாக வந்த பேர் ஓஸ்பெக் 1751இல் காண்டனில் தங்கித் தாவரங்களைச் சேகரித்தார். அவருடைய ஆசிரியர் லின்னேயஸ் 1755இல் இந்தக் கீரைக்கு அறிவியல் பெயரிட்டார். மலாயாவுக்கு வந்த விதைக்கு இப்படிப்பட்ட ஆவணம் எதுவும் தேவைப்படவில்லை. தென்சீனத்திலிருந்து ஈயச் சுரங்கத்துக்கும் தோட்டத்துக்கும் வந்தவர்கள் தங்கள் ஊர்க் கீரையையும் உடன் கொண்டுவந்தார்கள். குடிசைக்குப் பின்னால் இரண்டு பாத்தி போட்டார்கள்.

இரண்டாவது விதத்தைப் பார்க்க ரிங்லெட் வந்து சேர வேண்டும். மேலிருந்து பார்த்தால் பெர்தாம் பள்ளத்தாக்கு முழுவதும் வெள்ளைக் கூரை. கட்டடங்கள் இல்லை, எல்லாம் நெகிழித் தாள் போர்த்திய காய்கறிக் குடில்கள். 1948இல் தொடங்கிய அவசரகாலத்தில் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியாளர்களிடமிருந்து மக்களைப் பிரிப்பதற்காகச் சிதறிக் கிடந்த சீனக் குடும்பங்களை வேலி போட்ட புதுக்கிராமங்களில் அரசு குடியேற்றியது. பெர்தாம் பள்ளத்தாக்கிலும் அப்படிப்பட்ட கிராமம் உண்டு. அங்கே குடியேறியவர்களின் பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் இந்தச் சரிவுகளைக் காய்கறி நிலமாக்கினார்கள். இன்று பாத்தியில் குனிந்து வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் வங்கதேசம், நேபாளம், மியன்மார், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர்கள்.

கூரை வெயிலுக்காகப் போட்டதன்று, மழைக்காக. கேமரனில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மழைத்துளி மண்ணில் மோதிச் சேற்றை இலையின் அடிப்பக்கத்தில் தெளிக்கும்; அந்தச் சேற்றில் உள்ள கிருமிகள் ஈரமான இலைக்காம்பில் தங்கி, ஒரே வாரத்தில் செடியைக் குழகுழவென்று அழுக வைக்கும். கூரைக்குக் கீழே தண்ணீரின் அளவு விவசாயியின் கையில் இருக்கிறது. விளைச்சலுக்கு இது பெரிய பாதுகாப்பு. மலைக்கு இது அவ்வளவு நல்லதில்லை. மரம் வெட்டிச் சமன்படுத்திய சரிவிலிருந்தும் கூரையிலிருந்தும் மழைநீர் மண்ணில் இறங்காமல் ஓடி, வண்டல் முழுவதையும் ஆற்றில் சேர்க்கிறது. ரிங்லெட்டில் பெர்தாம் ஆற்றுக்குக் குறுக்கே 1960களில் கட்டிய சுல்தான் அபு பக்கர் அணையின் ஏரி வண்டலால் தூர்ந்துவருகிறது. 2013 அக்டோபர் 23ஆம் தேதி அதிகாலை, கனமழையில் நிறைந்த அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது பெர்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்கள் பலியாயின. கீரை மலிவாகக் கிடைப்பதற்கான விலையின் ஒரு பகுதி இந்தப் பள்ளத்தாக்கில் கட்டப்படுகிறது. அதைச் சொல்லாமல் கேமரன் காய்கறியைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது.

ரிங்லெட்டுக்கு மேலே ஹாபுவில் தேயிலை தொடங்குகிறது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டத்துக்கு உழைப்பாளிகளாக வந்தவர்கள் தமிழர்கள். தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் பின்னால் உள்ள சிறு நிலங்களில்தான் தமிழர் கையும் சீனக் கீரையும் சந்தித்தன. புதினாவுக்கும் சௌசௌ கொடிக்கும் நடுவே ஒரு பாத்தி சாவி. கத்தரியும் முருங்கையும் குளிரில் முரண்டு பிடிக்கும் இடத்தில், கேட்காமலே வளரும் கீரை இது. சமவெளியில் தண்டுக்கீரையும் முளைக்கீரையும் செய்த வேலையை இங்கே இது ஏற்றுக்கொண்டது.

தானா ராத்தாவும் அடுத்த ஊரான பிரிஞ்சாங்கும் பாக் சோய்க்கு ஏன் இவ்வளவு பொருந்துகின்றன என்பதற்குக் குளிர்ச்சி மட்டும் காரணமில்லை. இந்தச் செடி பூப்பதற்கு இரண்டு தூண்டுதல்கள் உண்டு. இளம் பருவத்தில் 10 டிகிரிக்கும் கீழான குளிரில் சில நாள் நின்றால், குளிர்காலம் கடந்துவிட்டதாகக் கணக்கு வைத்துக்கொள்ளும்; பின்பு பகல் நீண்டால் தண்டை உயர்த்தி மஞ்சள் பூ விடும். பூத்தண்டு எழும்பிய செடியில் இலை சிறுத்துக் கசந்துவிடும். சீனாவின் வடக்கிலும் ஐரோப்பாவிலும் வசந்தத்தில் விதைத்தவர்களின் பெரிய தலைவலி இதுவே. கேமரன் மலை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே நாலரை டிகிரியில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம்தான். இரவில் வெப்பம் 15 டிகிரியை ஒட்டி நின்றுவிடும். 10 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆக இரண்டு தூண்டுதலும் கிடைக்காத செடி இலை விட்டுக்கொண்டே இருக்கிறது. உதகை இதைவிட உயரம். அங்கே மார்கழியில் உறைபனி விழும். அதனால் நீலகிரியில் பனிக்கு முன் விதைத்த நாற்று மாசி, பங்குனியில் பூவுக்குப் போகும் வாய்ப்பு அதிகம். கேமரனில் எந்த மாதத்திலும் விதைக்கலாம்.

மூன்றாவது விதம் பிரிஞ்சாங்கின் குடியிருப்பு வரிசைகளில் இருக்கிறது: வீட்டுத் தோட்டம். தோட்டம் என்றாலும் பல வீடுகளில் நிலமே கிடையாது. அடுக்களை வாசலில் வரிசையாக அடுக்கிய வெள்ளை மீன்பெட்டிகள்தான். பனிக்கட்டியோடு மீன் ஏற்றி வரும் தெர்மோகோல் பெட்டியைச் சந்தையில் வாங்கி வந்து, அடியில் பெருவிரல் நுழையும் அளவில் ஆறேழு துளை போட்டு, இரண்டு செங்கல் மேல் தூக்கி வைக்கிறார்கள். ஒரு சாண் ஆழ மண் இதற்குப் போதும். பாக் சோயின் வேர் ஆழமாக இறங்குவதில்லை. மேல் மண்ணிலேயே படர்கிறது. ஆழத்தைவிட ஈரம் முக்கியம் என்பதற்குக் காரணம் இதுவே. மேல் மண் ஒரு பகல் காய்ந்தால் செடி அதை மறப்பதில்லை. தண்டில் நார் விழுந்துவிடும்.

மண்கலவையில் பாதி தோட்டத்து மண், மீதி மக்கிய எருவும் தென்னை நார்க்கழிவும். கேமரனின் மலைமண் புளிப்புத்தன்மை உடையது. ஒரு பிடி சுண்ணாம்புத் தூள் கலந்து கார அமில அளவை 6.5க்கும் 7க்கும் இடையில் கொண்டுவருகிறார்கள். இதைத் தவிர்த்தால் வேர்முடிச்சு நோய் வரும். வேர்கள் வீங்கி உருண்டு, செடி வெயிலில் வாடி இரவில் தெளிந்து, கடைசியில் எழும்பாமலே போகும். அந்தக் கிருமி மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கக்கூடியது. ஒரே பெட்டியில் தொடர்ந்து முட்டைக்கோஸ் இனச் செடிகளையே வைக்காமல், இடையே ஒருமுறை வெங்காயத்தாளோ பீன்ஸோ போடுவது நல்ல வழக்கம்.

விதை மிகச் சிறியது. ஒரு கிராமில் 300க்கு மேல் இருக்கும். ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் தூவி, மெல்ல மண் போட்டு, பூவாளியால் நனைத்தால் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் முளைத்துவிடும். முதலில் வரும் இரட்டை இலைகள் இதய வடிவில் இருக்கும். அதன் பிறகு நான்கு உண்மையான இலைகள் வந்ததும், மாலை நேரத்தில் நாற்றைப் பிடுங்கி இடம் மாற்ற வேண்டும். முழுச் செடி வேண்டுமானால் செடிக்குச் செடி 15 முதல் 20 சென்டிமீட்டர். குட்டைச் செடியாக முழுதாய் வதக்க வேண்டுமானால் 10 சென்டிமீட்டர் போதும். வீட்டுத் தோட்டத்தில் பெரும்பாலும் தவறிப்போவது இந்த இடைவெளிதான். களைந்து எறிய மனம் வராமல் நெருக்கமாக விட்டுவிடுவார்கள். நெருக்கத்தில் வளர்ந்த செடி தண்டை நீட்டி வெளிச்சத்துக்குத் தாவுமே தவிர, அடி பருக்காது. களைந்த நாற்று வீணாவதும் இல்லை. வேரை அறுத்துவிட்டு நூடுல்ஸ் சூப்பில் அப்படியே போடலாம்.

பத்து நாளுக்கொரு முறை பதப்படுத்திய கோழி எருவைக் கொஞ்சமாகத் தூவுகிறார்கள். பச்சைக் கோழி எருவை மலையில் கொட்டிய காலத்தில் ஈக்கள் பெருகி ஊரே அவதிப்பட்டது. வீட்டு வாசலில் அதை நினைத்தும் பார்க்க முடியாது. எரு அதிகமானாலும் தீமை உண்டு. தழைச்சத்து மிகுந்த இலை கரும்பச்சையாக, பார்வைக்கு அழகாக இருக்கும். ஆனால் உள்ளே நைட்ரேட் சேரும், அசுவினிப் பூச்சி அதைத் தேடி வரும். அறுப்பதற்கு முந்தைய வாரம் எருவை நிறுத்திவிடுவது நல்லது. தண்ணீரைக் காலையில் ஊற்ற வேண்டும். மாலையில் ஊற்றினால் மலைக்குளிரில் இலை இரவு முழுவதும் ஈரமாக நின்று அழுகலுக்கு இடம் கொடுக்கும். பெட்டிகளுக்கு மேல் பி.வி.சி. குழாயை வளைத்துத் தாள் போர்த்திய சின்னக் கூரையைப் பல வாசல்களில் பார்க்கலாம். பள்ளத்தாக்கின் பெரிய கூரை செய்யும் வேலையை, மலையை வெட்டாமல் அது செய்கிறது.

இந்தக் கீரையின் முதல் எதிரி வைரமுதுகு அந்துப்பூச்சி. இறக்கையை மடித்து உட்கார்ந்தால் முதுகில் வெளிறிய வைர வடிவங்கள் தெரியும். அதன் பச்சைப் புழு ஒரு சென்டிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். தொட்டால் துடித்து நூலில் தொங்கும். இலையின் பச்சையைச் சுரண்டித் தின்று மேல்தோலை மட்டும் கண்ணாடிபோல் விட்டு வைக்கும். பூச்சிமருந்தை எதிர்த்து நிற்பதில் இதற்கு இணை குறைவு. 1950களின் தொடக்கத்தில் ஜாவாவின் லெம்பாங் மலையில் டி.டி.டி.க்கே அடங்காமல் போனது; பயிர்ப் பூச்சிகளில் அப்படிப் பதிவான முதல் பூச்சி இதுதான். கேமரனிலும் மருந்துக்கு மேல் மருந்தாக அடித்து ஓய்ந்த பிறகு, 1970களில் டயடெக்மா செமிகிளாசம் என்ற சிறு குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது புழுவின் உடலுக்குள் முட்டையிடும். குளவிக்குஞ்சு புழுவை உள்ளிருந்து தின்று தீர்க்கும். இந்தக் குளவிக்கும் குளிர்தான் பிடிக்கும் என்பதால் கேமரனில் வேரூன்றிவிட்டது. கண்டபடி மருந்து அடிக்கும் இடத்தில் முதலில் சாவது இந்தக் குளவிதான். பத்துப் பெட்டி வைத்திருக்கும் வீட்டுக்கு மருந்தே தேவையில்லை. நாற்று நட்ட அன்றே மெல்லிய வலையைப் போர்த்திவிட்டால் அந்துப்பூச்சி முட்டையிட இடமில்லை. இலையில் ஊசித்துளைபோல் ஓட்டை போடும் தத்துவண்டையும் அதே வலை தடுக்கும். நத்தையை மட்டும் இரவில் கைவிளக்கோடு தேடிப் பொறுக்க வேண்டும்.

பிரிஞ்சாங்கைத் தாண்டி, 1,600 மீட்டரை ஒட்டிய கீ ஃபார்ம் சந்தையில் பாக் சோயின் வகைகளை வரிசையாகப் பார்க்கலாம். தண்டு பால் வெள்ளையாகவும் இலை கரும்பச்சையாகவும் உள்ளது காண்டன் வகை. தண்டும் இலையும் வெளிர்பச்சையாக, அடி அகன்று கரண்டிபோல் குழிந்திருப்பது ஷாங்காய் வகை. குட்டையாக, இலை சுருங்கி, தண்டு தடித்து நிற்கும் நாய் பாக் விலை கூடியது. தண்டு வழவழப்பாக, விரலால் சுண்டினால் மொடமொடவென்று ஒடிவதாக இருக்க வேண்டும். அடிவெட்டு பழுப்பேறாமல் ஈரமாக இருந்தால் அன்று அறுத்தது. சந்தைக்கு வெளியே பிற்பகலில் லாரிகள் வரிசை கட்டும். கூடை கூடையாக ஏற்றிய கீரை இரவோடு இரவாக மலையிறங்கி, கோலாலம்பூரின் செலாயாங் மொத்தச் சந்தைக்கும் ஜொகூர் கடந்து சிங்கப்பூருக்கும் போகும்.

பாக் சோயின் எடையில் 95 விழுக்காடு தண்ணீர். அறுத்த நொடியிலிருந்து அந்தத் தண்ணீர் இலை வழியே போய்க்கொண்டே இருக்கும். கூடவே இனிப்பும் போகும். குளிரூட்டிய லாரியும் ஈரச் சாக்கும் அதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. வீட்டுப் பெட்டியின் பெரிய நன்மை இங்கேதான். சட்டி அடுப்பேறிய பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போகலாம். பள்ளத்தாக்கின் மிகச் சிறந்த விவசாயியாலும் கோலாலம்பூர்க்காரருக்குத் தர முடியாத சுவை அது. சமவெளியில் பையில் வளர்த்த மெலிந்த செடிகூட, இந்த ஒரு காரணத்தால், இரண்டு நாள் பயணம் செய்த மலைக்கீரையைவிட வாய்க்கு நன்றாக இருக்கும்.

கழுவுவதில் கவனம் வேண்டும். தண்டுகள் ஒன்றையொன்று தழுவிக்கொண்டு வளர்வதால் அடியில் மண் சிக்கியிருக்கும். செடியை நீளவாக்கில் இரண்டாகவோ நான்காகவோ பிளந்து, தண்ணீர் நிறைந்த பாத்திரத்தில் கவிழ்த்து ஆட்டினால் மண் கீழே இறங்கிவிடும். பிறகு நன்றாக வடிய விட வேண்டும். ஈரத்தோடு சட்டியில் போட்டால் கீரை வதங்காது, அவிந்துவிடும்.

பிரிஞ்சாங்கின் சீனச் சோற்றுக்கடைகளில் இது சமைபடும் விதத்தை எட்ட நின்றே பார்க்கலாம். குவாலி என்னும் குழிந்த இரும்புச் சட்டி புகை எழும்பும் வரை காய்கிறது. எண்ணெய் விட்டு, நசுக்கிய பூண்டைப் போட்டு, அது பொன்னிறத்தைத் தொடும் முன்பே தண்டுத் துண்டுகளைக் கொட்டுகிறார் சமையல்காரர். சடசடவென்ற சத்தம் அடங்குவதற்குள் கரண்டி நாலைந்து முறை புரட்டிவிடுகிறது. ஒரு நிமிடம் கழித்து இலைகள், உப்பு, சட்டியின் ஓரத்தில் ஒரு கரண்டி சூப்பு நீர். இலை சுருண்டு பளபளத்ததும் தட்டுக்கு வந்துவிடுகிறது. தண்டுக்கு ஒன்றரை நிமிடம், இலைக்கு அரை நிமிடம்: இந்தக் கணக்கு பிடிபட்டால் பாதிச் சமையல் முடிந்தது. இரண்டையும் ஒன்றாகப் போடுகிறவர்களுக்குத் தண்டு வேகாமலோ இலை குழைந்தோதான் கிடைக்கும்.

இன்னொரு முறை வெந்நீரில் அமிழ்த்துவது. கொதிக்கும் நீரில் உப்பும் ஒரு தேக்கரண்டி எண்ணெயும் விட்டு, பிளந்த செடிகளை ஒரு நிமிடம் அமிழ்த்தி எடுத்து, மேலே சிப்பிச் சாற்றை ஊற்றுவார்கள். பாத்திரத்தை மூடக் கூடாது. கீரையிலிருந்து எழும் அமில ஆவி வெளியேறாமல் திரும்ப விழுந்தால் பச்சையம் மங்கிப் பழுப்பாகும். சிப்பிச் சாறு 1888இல் குவாங்டோங் மாநிலத்து நான்சுயில் லீ கும் ஷியுங் நடத்திய சிறு உணவுக்கடையில் பிறந்தது. கீரையின் மெல்லிய இனிப்புக்கு அதன் உப்பும் கடல்வாசனையும் சரியான துணை.

லயத்து அடுக்களைகளில் இதே கீரை சாவிப் பிரட்டலாகிறது. எண்ணெயில் கடுகும் காய்ந்த மிளகாயும் தாளித்து, வறுத்த நெத்திலிக் கருவாட்டையும் நறுக்கிய வெங்காயத்தையும் பூண்டையும் வதக்கி, முதலில் தண்டு, பிறகு இலை. மஞ்சள்தூள் சிட்டிகைதான். தண்ணீர் ஊற்றுவதில்லை, மூடி போடுவதில்லை. பருப்போடு வேகவைத்துக் கடைவதற்கு ஏற்ற கீரை இதுவன்று. கடைந்தால் தண்டின் மொறுமொறுப்பு போய்த் தண்ணீர் மட்டும் மிஞ்சும். மாமாக் கடையின் மீ கோரெங் என்னும் வறுத்த நூடுல்ஸிலும் சாவி உண்டு. மஞ்சள் மீயும் முட்டையும் புரண்ட பிறகு கடைசி நிமிடத்தில் ஒரு பிடி விழும். தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் அந்தக் கடைகளில் இந்திய மசாலாவும் சீன மீயும் ஒரே தட்டில் சேர்ந்திருப்பதால், இந்தக் கீரையும் வெளியாளாகத் தெரிவதில்லை. மழை பிடித்த மாலைகளில் நெத்திலி கொதித்த நீரில் இஞ்சியும் தாவு என்னும் சோயாக் கட்டியும் போட்டு, இறக்கும்போது முழுக் குட்டைச் செடிகளை அமிழ்த்திய சூப்பு வீட்டுக்கு வீடு கொதிக்கும்.

100 கிராம் பச்சைப் பாக் சோயில் 13 கலோரி மட்டுமே. வைட்டமின் சி 45 மில்லிகிராம், கால்சியம் ஏறத்தாழ 105 மில்லிகிராம். கால்சியத்தின் அளவைவிட அது உடலில் சேரும் விதம் குறிப்பிடத்தக்கது. பசலை இனக் கீரைகளில் ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். பாக் சோயில் ஆக்சலேட் மிகக் குறைவு. அதிலுள்ள கால்சியத்தில் பாதியளவு உடல் எடுத்துக்கொள்கிறது, பாலில் கிடைப்பதைவிடக் கூடுதலான விகிதம். பால் அதிகம் சேர்க்காத தென்சீனச் சாப்பாட்டில் இந்தக் கீரை பிடித்துள்ள இடம் இதனால் இன்னும் விளங்கும். பச்சையாகத் தின்பதில் மட்டும் அளவு வேண்டும். கடுகு இனத்துக்கே உரிய கந்தகச் சேர்மங்கள் பச்சை இலையை மெல்லும்போது சிதைந்து, தைராய்டு சுரப்பியின் வேலையைத் தடுக்கக்கூடிய பொருள்களைத் தருகின்றன. நாள்தோறும் ஒரு கிலோவுக்கு மேல் பச்சையாகப் பல மாதம் சாப்பிட்ட 88 வயது மூதாட்டி ஒருவர் தைராய்டு செயலிழந்து மயக்க நிலையில் மருத்துவமனைக்கு வந்ததை 2010இல் ஒரு மருத்துவ இதழ் பதிவு செய்தது. சமைக்கும்போது அந்தச் சிதைவை நடத்தும் நொதி அழிந்துவிடுகிறது. வீட்டில் வதக்கிச் சாப்பிடும் அளவுக்குக் கவலை தேவையில்லை. இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் மட்டும், வைட்டமின் கே மிகுந்த கீரை என்பதால், உண்ணும் அளவை மருத்துவரிடம் சொல்லி வைக்க வேண்டும்.

அறுப்பதில் இரண்டு வழி. வெளி இலைகளை மட்டும் ஒவ்வொன்றாக ஒடித்தால் ஒரே செடி சில வாரம் தரும். முழுதாக வேண்டுமானால் மண்ணுக்கு மேல் இரண்டு விரல் உயரம் விட்டு, கூரிய கத்தியால் ஒரே வெட்டு. வேரைப் பிடுங்காமல் விட்டால் அடிக்கட்டையின் ஓரங்களிலிருந்து சில நாளில் புதிய தளிர்கள் கிளம்பும். முதல் அறுப்பைப்போல் அவை பெரிதாகாது. ஆனால் முட்டையோடு வதக்க அவைதான் சிறந்தவை. மிஞ்சிய கீரையைக் கழுவாமல் ஈரத்துணியில் சுற்றிக் குளிர்பெட்டியின் அடித்தட்டில் வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும். எப்போதாவது ஒரு செடி பூத்தண்டு விட்டுவிட்டால், மொட்டு விரியும் முன் தண்டை ஒடித்துப் பூண்டோடு வதக்கலாம். அது சோய் சம் போலவே இனிக்கும். விதை எடுப்பதற்காக அதை விட்டு வைப்பதில் பயனில்லை. இந்தச் செடி பெரும்பாலும் தன் மகரந்தத்தை ஏற்காது. பக்கத்துப் பெட்டியின் சோய் சம்மோடும் சீன முட்டைக்கோஸோடும் கலந்துவிடும். அடுத்த விதைப்பில் என்ன முளைக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே விதையைப் பொட்டலமாகக் கடையில் வாங்கி, பத்து நாளுக்கு ஒரு பெட்டி என்று முறை வைத்து விதைக்கிறார்கள். ஐந்து பெட்டி இருந்தால் ஐந்தாவதை விதைத்த சில நாளில் முதல் பெட்டி அறுப்புக்கு வந்திருக்கும்.